கையெழுத்துப் போடாத வாக்குறுதிக்கு யார் வாரிசு?

நிறுவனங்கள் இணையும்போது சம்பளத்துக்கும் சர்வீஸுக்கும் சட்டம் காவல் நிற்கிறது. ஊழியர் மனதுக்குள் எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்துக்கு யாரும் காவல் இல்லை.

2020 தீபாவளி சனிக்கிழமை வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, நவம்பர் 17 மாலை, லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தடைக்காலம் அறிவிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்கு எந்த வாடிக்கையாளரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். சிங்கப்பூரின் டிபிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த இந்திய வங்கியோடு அதை இணைக்கும் வரைவுத் திட்டத்தை ரிசர்வ் வங்கி அன்றைக்கே வெளியிட்டது. 25-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 27-ம் தேதி இணைப்பு நடைமுறைக்கு வந்தது. 1926-ல் கரூர் வணிகர்கள் தொடங்கி, 94 ஆண்டுகள் நடந்த ஒரு வங்கியின் பெயர் பத்தே நாளில் இல்லாமல் போனது.

18-ம் தேதி காலை கிளைகளைத் திறந்த ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். வாசலில் பென்ஷன்தாரர்களும், கல்யாணத்துக்காக டெபாசிட் போட்டவர்களும், கடைக்காரர்களும் நிற்கிறார்கள். அவர்களிடம் “உங்க பணம் பத்திரமா இருக்கு” என்று சொல்ல வேண்டிய வேலை கவுன்டரில் இருந்தவர்களுடையது. தங்கள் வேலை பத்திரமாக இருக்கிறதா என்று அந்தக் காலையில் அவர்கள் யாரிடம் கேட்டிருக்க முடியும்?

அந்த அதிர்ச்சி ஒரே இரவில் வந்ததும் அல்ல. 2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸோடு இணையப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தது. அக்டோபரில் அந்த இணைப்புக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. 2020-ல் கிளிக்ஸ் கேபிடலோடு பேச்சு நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, அடுத்த முதலாளி யார் என்று தெரியாமலேயே சுமார் நான்காயிரம் பேர் தினமும் கேஷ் எண்ணி, லோன் ஃபைல் பார்த்து, மாலையில் டே-எண்ட் முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இணைப்புத் திட்டத்தில் ஊழியர்களைப் பற்றி எழுதியிருந்தது நியாயமாகவே இருந்தது. அனைவரும் அதே சம்பளத்தில், அதே பணி நிபந்தனைகளில் தொடர்வார்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள், புதிய வங்கியில் அதற்கு இணையான பதவியில் இருப்பவர்களுக்கு என்ன சம்பளமோ அதை இவர்களுக்கும் தர வேண்டும். புதிய வங்கியில் சேர விருப்பமில்லாதவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டப்படி சேர வேண்டியதை வாங்கிக்கொண்டு போகலாம்.

காகிதத்தில் இதற்கு மேல் கேட்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுக் கணக்கில் ஒரு சிறிய நிபந்தனை இருக்கிறது: தகுதியும் அனுபவமும் இணையாக இருக்க வேண்டும். இணையா இல்லையா என்று சந்தேகம் எழுந்தால் ரிசர்வ் வங்கியின் முடிவே இறுதி. இந்த இடத்தில்தான் எனக்கு மனம் நிற்கிறது. கரூரில் இருபத்தைந்து வருடம் ஜவுளி ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் பார்த்த ஒருவருக்கு, எந்தப் பார்ட்டி எந்த மாதம் தடுமாறுவார், யார் சொன்னால் கட்டுவார் என்பதெல்லாம் அத்துப்படி. அந்த அனுபவத்துக்குச் சிங்கப்பூர் வங்கியின் பதவி வரிசையில் எந்தப் படி? திட்டத்தை எழுதியவர்களுக்கு அது ஒரு சொல். அவருக்கு அது வாழ்க்கை முழுவதும் சேர்த்தது.

எழுதாத பக்கங்கள்

வேலைக்குச் சேரும்போது நாம் கையெழுத்துப் போடும் உத்தரவில் சம்பளம், தகுதிகாண் காலம், ஓய்வு வயது இருக்கும். அதில் இல்லாதவைதான் நம்மை அங்கே முப்பது வருடம் உட்கார வைக்கின்றன. கஷ்டமான ஊரில் மூன்று வருடம் கழித்தால் அடுத்த டிரான்ஸ்ஃபர் சொந்த ஊர்ப் பக்கம் கிடைக்கும். பிள்ளை பன்னிரண்டாவது எழுதும் வருடம் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மார்ச் கடைசியில் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து கணக்கை முடித்துக் கொடுத்தால், சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேட்கும்போது முகம் சுளிக்க மாட்டார்கள். ரீஜினல் மேனேஜர் ஒருமுறை தோளில் தட்டி, “அடுத்த பிரமோஷன் லிஸ்ட்ல நீங்க இருக்கீங்க” என்று சொன்னது.

இவை எதுவும் சர்வீஸ் விதிகளில் இல்லை. ஆனாலும் ஊழியர் இவற்றைத் தனக்கு வர வேண்டிய பாக்கியாகவே நினைக்கிறார், அதற்கான உழைப்பை முன்கூட்டியே கொடுத்தும் விடுகிறார். நம் ஊரில் சொந்தக்காரர்களுக்குள் கொடுத்து வாங்கும் கைமாற்று மாதிரிதான் இது. நோட்டு எழுதுவதில்லை, சாட்சி வைப்பதில்லை, இரண்டு பக்கமும் மறப்பதும் இல்லை. வாங்கியவர் வீட்டையே விற்றுவிட்டுப் போனால் புது வீட்டுக்காரரிடம் போய் என்ன சொல்லிக் கேட்பது? “நோட்டு இருக்கா?” என்பார் அவர். அவர் கேட்பதில் தவறும் இல்லை.

ஆய்வாளர்கள் இதற்கு உளவியல் ஒப்பந்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ் ஆர்கிரிஸ் 1960-லும் ஹாரி லெவின்சன் 1962-லும் தங்கள் நூல்களில் அந்தக் கருத்தைப் பேசினார்கள். அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் டெனிஸ் ரூசோ. 1989-ல் வந்த அவருடைய கட்டுரை, இந்த ஒப்பந்தம் ஊழியரின் மனதில் இருக்கும் நம்பிக்கை என்றது. நான் இதைச் செய்தேன், ஆகவே நிறுவனம் அதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை. நிறுவனம் அப்படி நினைக்காமல்கூட இருக்கலாம். சாண்ட்ரா ராபின்சனும் ரூசோவும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், எம்.பி.ஏ. முடித்து வேலைக்குப் போனவர்களை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டார்கள். நிறுவனம் வாக்கை மீறிவிட்டது என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். இணைப்பு எதுவும் நடக்காத இடங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

வாக்கு ஏன் முறிகிறது என்பதற்கு ராபின்சனும் எலிசபெத் மோரிசனும் 1997-ல் இரண்டு முக்கியக் காரணங்கள் சொன்னார்கள். நிறுவனம் தெரிந்தே கைவிடுவது ஒன்று. ஒரே வாக்கை இருவரும் வேறு வேறாகப் புரிந்துகொள்வது இன்னொன்று. இணைப்புகளைப் பார்க்கும்போது மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது எனக்கு. வாக்குக் கொடுத்தவர் அந்த நாற்காலியில் இல்லை. தோளில் தட்டிய ரீஜினல் மேனேஜர் விருப்ப ஓய்வில் போயிருப்பார். பணமதிப்பு நீக்கத்தின்போது நடுராத்திரி வரை பழைய நோட்டு எண்ணியதைப் பார்த்த சீஃப் மேனேஜர் வேறு மண்டலத்தில் இருப்பார். புதிதாக வந்தவர் கெட்டவர் இல்லை. அவருக்கு எதுவும் நினைவில்லை, அவ்வளவுதான். ஏமாற்றியவர் மீது கோபப்படலாம். எதுவுமே தெரியாதவர் மீது எப்படிக் கோபப்படுவது? அந்தக் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாததால்தான் அது வேலை மீது திரும்புகிறது. சொன்னதை மட்டும் செய்வது, ஆறு மணி ஆனதும் பையை எடுப்பது, வாடிக்கையாளருக்காக ஒரு போன் கூடுதலாகப் போடாமல் விடுவது என்று ஆரம்பிக்கிறது.

சம்பளம் மாறவே இல்லை, ஆனாலும்

இந்தக் காயம் பணத்தால் வருவது என்று நினைப்பவர்கள் இந்தியன் வங்கி – அலகாபாத் வங்கி இணைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டும் 1969-ல் ஒன்றாக நாட்டுடைமையானவை. பெரும்பாலான பொதுத்துறை வங்கிகளில் சம்பளத்தைத் தனித்தனி நிர்வாகம் தீர்மானிப்பதில்லை. இந்திய வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திடும் இருதரப்பு ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. கொல்கத்தாவில் ஒரு கிளார்க்குக்கு என்ன ஸ்கேலோ அதேதான் சென்னையிலும். 2019 ஆகஸ்ட் 30-ல் பத்து வங்கிகளை நான்காக்கும் அறிவிப்பு வந்தபோது, எந்த ஊழியரும் நீக்கப்பட மாட்டார் என்று நிதியமைச்சர் உறுதி சொன்னார். சம்பளமும் படிகளும் முன்னிருந்ததைவிடக் குறையக் கூடாது என்று அரசிதழில் வந்த திட்டமே சொன்னது. எழுதப்பட்டது அனைத்தும் அப்படியே இருந்தது.

ஆகவே, அங்கே ஏதாவது வலித்திருந்தால் அது எழுதப்படாதவற்றில்தான் வலித்திருக்க வேண்டும்.

அலகாபாத் வங்கி 1865-ல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய கூட்டுப்பங்கு வங்கி என்ற பெருமை அங்கே சேர்ந்த ஒவ்வொரு கிளார்க்குக்கும் உண்டு. இந்தியன் வங்கி 1907-ல், அர்பத்நாட் நிறுவனம் திவாலாகிச் சென்னைக் குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிய மறு ஆண்டில், சுதேசி உணர்வில் பிறந்தது. 42 வருடம் மூத்த வங்கி இளையதுக்குள் கரைந்தது. 2020 ஏப்ரல் 1-ல் இணைப்பு நடைமுறைக்கு வந்தபோது ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அத்தியாவசியச் சேவை என்பதால் வங்கிகள் திறந்திருந்தன. ஒரு பிரிவுபசாரம் இல்லை, ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து விடைபெறவும் வழியில்லை. முகக்கவசத்தோடு வேலைக்கு வந்தவர்கள் ஒரு புதன்கிழமை முதல் வேறு வங்கியின் ஊழியர்கள் ஆனார்கள்.

டிரான்ஸ்ஃபர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அதிகாரிகளை நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றலாம் என்பது இரண்டு வங்கியிலும் முதல் நாளிலிருந்தே இருந்த விதி. ஆனால், அலகாபாத் வங்கியின் கிளைகள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட் பக்கம். இந்தியன் வங்கியின் வேர் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும். லக்னோக்காரருக்கு ‘எங்கு வேண்டுமானாலும்’ என்றால் வாராணசி, அதிகம் போனால் பாட்னா. தஞ்சாவூர்க்காரருக்கு மதுரை, அதிகம் போனால் விஜயவாடா. விதியில் ஒரு எழுத்தும் மாறாமல், இணைப்புக்கு மறுநாள் அந்தச் சொற்களின் எல்லை மட்டும் இமயமலை அடிவாரத்திலிருந்து நாகர்கோவில் வரை நீண்டுவிட்டது. பிரமோஷன் வந்தால் மகிழ்ச்சி வர வேண்டும். வயதான தாய் தந்தையை வைத்திருக்கும் ஒரு பெண் அதிகாரிக்குப் பிரமோஷனே பயமாக மாறினால், நிர்வாகம் எந்த விதியையும் மீறவில்லை என்ற பதில் அவருக்கு எந்த ஆறுதலையும் தராது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணைந்த பிறகு இந்தியன் வங்கி தன் சின்னத்தில் ‘அலகாபாத்’ என்ற பெயரையும் சேர்த்து வைத்தது. சிலர் இதைச் சின்ன விஷயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர்டில் தன் பெயரைத் தேடிப் பார்க்கும் ஒருவருக்கு அது தட்டுப்படுகிறது. லட்சுமி விலாஸ் ஊழியர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த வங்கியின் பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. கரூர்க் குடும்பங்கள் தலைமுறையாக வைத்திருந்த பங்குகளுக்கு ஒரு பைசா வரவில்லை. பங்கு வைத்திருந்த ஊழியர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. தான் உழைத்த இடத்தின் மதிப்பு பூஜ்ஜியம் என்று அரசிதழில் படிப்பது எப்படி இருந்திருக்கும்?

வாங்கியவர் வீட்டிலும்

விழுங்கப்பட்ட நிறுவனத்து ஊழியர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். வாங்கிய நிறுவனத்து ஆட்களுக்கும் சொல்லாத எதிர்பார்ப்பு உண்டு. இரண்டு சீனியாரிட்டி பட்டியலை ஒன்றாக்கும்போது, அடுத்தது நான் என்று காத்திருந்தவருக்கு முன்னால் புதிதாக நாற்பது பெயர்கள் வந்து உட்காரும். 1993-ல் டாடா ஆயில் மில்ஸை இந்துஸ்தான் லீவர் தன்னோடு இணைத்தபோது, உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்தவர்களில் வாங்கிய லீவரின் தொழிற்சங்கமே இருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான பணி நிபந்தனைகள் வந்தால் பிரச்சினை வரும் என்பது அவர்கள் கவலைகளில் ஒன்று. 1994-ல் நீதிமன்றம் இணைப்பை அனுமதித்தது. டாடா ஆயில் ஊழியர்களின் நிபந்தனைகள் குறையாமல் காக்கப்பட்டிருக்கின்றன என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. மனக்கணக்கு நீதிமன்றத்தின் வேலை இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் நடந்தது வேறு ரகம். 2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வருமான வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை பட்டியலில் இல்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்களில் இளம் பெண்கள் ஏராளம். பலருக்கு அதுதான் முதல் வேலை, வீட்டின் முதல் மாதச் சம்பளம். ஐரோப்பியக் கம்பெனி, காலத்துக்கும் இருக்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு அங்கே எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கே வாரிசு இல்லாமல் போனது.

இரண்டு ஆலைகள், ஒரே இணைப்பு

இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1991-ல் டேவிட் ஷ்வைகரும் ஏஞ்சலோ டெனிசியும் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் இணையும் சமயத்தில் இரண்டு ஆலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றில் வழக்கம்போல: தலைமை அதிகாரியின் கடிதம் ஒன்று, அதற்கு மேல் எதுவும் இல்லை. இன்னொன்றில் என்ன நடக்கப் போகிறது, யாருக்கு என்ன பாதிப்பு என்பதை உள்ளபடி சொன்னார்கள். செய்தி மடல் வந்தது. கேள்வி கேட்க ஒரு தொலைபேசி எண் இருந்தது. ஆலை மேலாளர் வாராவாரம் ஆட்களை உட்கார வைத்துப் பேசினார். நல்ல செய்தி மட்டும் சொல்லவில்லை, பணிநீக்கமும் இடமாற்றமும் அந்தப் பேச்சில் இருந்தன.

இணைப்பு அறிவிப்பு வந்ததும் இரண்டு ஆலையிலும் பதற்றம் ஏறியது. பேசிய ஆலையில் அது ஓரிடத்தில் நின்றது. பிறகு நிறுவனத்தின் மீது இருந்த நம்பிக்கையும், இவர்கள் நம்மைப் பற்றி அக்கறைப்படுகிறார்கள் என்ற எண்ணமும் மெல்ல மீண்டன. கடிதம் மட்டும் போன ஆலையில் நாள் போகப் போக நிலைமை மோசமானது. இணைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். கெட்ட செய்தியைத் தாங்கும் வலு ஊழியருக்கு உண்டு, செய்தியே வராத நாட்களைத் தாங்குவதுதான் கடினம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை.

நம் நிர்வாகங்கள் ஏன் பேசுவதில்லை? பங்குச் சந்தை விதிகள் இருக்கின்றன, முன்கூட்டியே சொல்ல முடியாது என்பார்கள். அறிவிப்பு வரும்வரை அது சரி. வந்த பிறகும் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எந்த விதியும் காரணமில்லை. உண்மையான காரணம் வேறு. கம்பெனிச் சட்டத்தில் இணைப்புக்கு ஓட்டுப் போடுபவர்கள் பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும். ஊழியர் என்ற முறையில் ஊழியருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவரிடம் வந்து விளக்கம் சொல்ல எந்த வேட்பாளர் மெனக்கெடுவார்?

தொழில் தகராறுச் சட்டத்தின் 25-எஃப்எஃப் பிரிவு, நிறுவனம் கைமாறும்போது சர்வீஸ் அறுபடாமலும் நிபந்தனைகள் குறையாமலும் இருந்தால் இழப்பீடு தேவையில்லை என்றது. அந்த ஏற்பாடு புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இதன் பலன் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும். மேனேஜர் என்ற பெயர்ப்பலகை போட்ட லட்சக்கணக்கான நடுத்தர வர்க்க ஊழியர்களுக்கு இதிலும் இடமில்லை. ஐ.டி. நிறுவனங்களிலும் தனியார் வங்கிகளிலும் அந்தப் பெயர்ப்பலகை எத்தனை தாராளமாகக் கிடைக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

மனதில் இருப்பதையெல்லாம் சட்டமாக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சொல்ல வைக்க முடியும். டிரான்ஸ்ஃபர் கொள்கை என்ன, இரண்டு சீனியாரிட்டி பட்டியலையும் எந்த முறையில் சேர்க்கப் போகிறார்கள், எந்தக் கிளைகளை மூடுவார்கள், பழைய நிர்வாகம் தொடங்கிய பிரமோஷன் நேர்காணல்கள் செல்லுமா செல்லாதா. இணைப்பு நடைமுறைக்கு வந்த தொண்ணூறு நாளுக்குள் இவற்றை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று ஒரு வரியை ஒவ்வொரு இணைப்புத் திட்டத்திலும் ரிசர்வ் வங்கியும் கம்பெனித் தீர்ப்பாயமும் சேர்க்கலாம். ‘இல்லை’ என்ற பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வீட்டில் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பள்ளியில் இடம் வாங்குவது என்றாவது முடிவெடுப்பார்கள்.

2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இன்று 12. தனியார் துறையில் இணைப்புச் செய்தி இல்லாத வாரமே இல்லை. இதைப் படிக்கும் உங்கள் நிறுவனத்தின் பெயர் நாளை அந்தச் செய்தியில் வரலாம். வந்தால், அன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்ன இடமாற்றம், பிரமோஷன், ஒத்திவைத்த விடுப்பு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஏற்பாடு, எதுவானாலும் சரி, “நீங்கள் இப்படிச் சொல்லியிருந்தீர்கள், உறுதிசெய்ய வேண்டுகிறேன்” என்று அவருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். அவர் அந்த நாற்காலியில் இருக்கும்போதே பதிலை வாங்கிவிடுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்திடம் அதன் நகலைக் கொடுங்கள். நீங்களே அந்த மேலதிகாரியாக இருந்தால், யார் யாருக்கு என்ன சொன்னீர்கள் என்பதை எழுதி, உங்களுக்குப் பின் வருபவரின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.